எலெக்ட்ரானிக் கியரில் சத்தமா? மோட்டாரைக் கடைசியாகப் பாருங்கள்

மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஷிமானோவின் அல்டெக்ரா டிஐ2 எலெக்ட்ரானிக் கியர், பின்பக்கம் 12 பல்சக்கரம் (12 ஸ்பீட்) உள்ள ரோடு பைக். கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்கு ஆம்னி பஸ் டிக்கியில் போட்டு எடுத்துவந்தீர்கள். அதற்குப் பிறகு பின்பக்க நடு கியர்களில் கரகரவென்று உரசல். சில கியர்கள் மாறும்போது ஒரு தயக்கம், பிறகு டக்கென்று ஏறுகிறது. கடையில் பார்த்துவிட்டு, "மோட்டார் போச்சு, பின் டீரெய்லரையே மாத்தணும்" என்று சொல்லியிருக்கிறார்கள் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளும் பாகம்தான் டீரெய்லர்; எலெக்ட்ரானிக்கில் அதை நகர்த்துவது ஒரு சின்ன மோட்டார்). மாற்றத்தான் வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகளில் மோட்டார் கெட்டதற்கான அடையாளம் ஒன்றுகூட இல்லை. மோட்டார் கெட்டால் கியர் மாறவே மாறாது, அல்லது ஒரே இடத்தில் நின்றுவிடும். உரசிக்கொண்டே, தயங்கித் தயங்கி எல்லா கியருக்கும் போய் வருகிறது என்றால் மோட்டார் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

கேபிள் கியரில் பழகியவர்கள் சத்தம் கேட்டதும் டீரெய்லர் மீது கை வைப்பதற்குக் காரணம் உண்டு. கேபிள் நாளாக நாளாகத் தளரும், அதன் உறைக்குள் அழுக்கும் துருவும் சேரும், டீரெய்லர் நிற்கும் இடம் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். கேபிளை இறுக்கும் திருகான பேரல் அட்ஜஸ்டரைக் கால் சுற்று திருப்பினால் சரியாகிவிடும். எலெக்ட்ரானிக்கில் இப்படி இழுக்கும் கேபிளே கிடையாது. ஒவ்வொரு கியருக்கும் எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்பது டீரெய்லரின் நினைவில் இருக்கிறது. நேற்று நின்ற அதே இடத்தில்தான் இன்றும் போய் நிற்கும். ஆகவே நேற்று இல்லாத சத்தம் இன்று வந்தால், நகர்ந்தது மோட்டார் அல்ல, மோட்டாரைச் சுற்றி இருக்கும் இரும்பும் அலுமினியமும்தான். டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்திருக்கும், சக்கரம் சரியாக உட்காராமல் இருக்கும், பின் பல்சக்கரங்களின் தொகுப்பான கேசட் தளர்ந்திருக்கும், செயின் தேய்ந்திருக்கும். இந்த நான்கையும் பார்த்து முடிக்காமல் அட்ஜஸ்ட்மென்டைத் தொடுவது வீண் வேலை. கோளாறு மறைந்துகொள்ளும், தீராது.

எது சத்தம், எது சத்தமே இல்லை என்பதையும் பிரித்துக்கொள்ளுங்கள். கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் வரும் 'விர்ர்' மோட்டாருடையது, இயல்பானது. முன்பக்கத்தில் சிறிய வளையத்திலிருந்து பெரிய வளையத்துக்கு ஏறும்போது அது பலமாகவே கேட்கும். இன்னொன்றும் உண்டு: பின் கியரை மட்டும் மாற்றுகிறீர்கள், முன் டீரெய்லர் தானாக 'விர்' என்று லேசாக நகர்கிறது. செயினின் கோணம் மாறியதால், செயின் நுழைந்து போகும் கூண்டில் உரசாமல் இருக்க அது தானே ஒதுங்கிக்கொள்கிறது. ஆட்டோ டிரிம் என்பது இதுதான். புதிதாக வாங்கியவர்கள் பலர் இதைக் கோளாறு என்று நினைத்துக் கடைக்குக் கொண்டுபோகிறார்கள்.

இனி கோளாறான சத்தம். பைக்கை ஸ்டாண்டில் ஏற்றி, நடு கியரில் போட்டு, பெடலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். 'டிக்' வருகிறதா, எத்தனை சுற்றுக்கு ஒருமுறை வருகிறது என்று எண்ணுங்கள். பெடல் ஒரு சுற்றுக்குச் சரியாக ஒருமுறை என்றால் கோளாறு முன்பக்கம்: பெடல், கிராங்க், முன் வளையத்தின் போல்ட், அல்லது வளைந்துபோன ஒரு பல். பெடல் இரண்டு சுற்றுக்கும் மேல் சுற்றிய பிறகே ஒருமுறை என்றால் செயின்தான். 112 கண்ணி உள்ள செயின் 50 பல் வளையத்தில் ஒரு முழு வலம் வர ஏறக்குறைய இரண்டேகால் சுற்று ஆகும். அது பெரும்பாலும் இறுகிப்போன ஒரே ஒரு கண்ணியாகவோ, செயினின் இரு முனைகளையும் இணைக்கும் குயிக் லிங்க்கைத் திருப்பி மாட்டியதாகவோ இருக்கும். சில குயிக் லிங்க்குகளில் செயின் ஓடும் திசைக்கு அம்புக்குறி போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள்.

ஒரு சுற்றுக்கு மூன்று நான்கு முறை என்றால் பின்பக்கம். அதிலும் கேசட்டா, டீரெய்லரில் செயினைத் தாங்கிச் சுற்றும் சின்னப் பல்சக்கரமான புல்லியா என்று பிரிக்க எளிய வழி இருக்கிறது. பெடல் வேகத்தை மாற்றாமல் பின் கியரை மட்டும் மாற்றுங்கள். சத்தத்தின் தாளம் மாறினால் கேசட், மாறாவிட்டால் புல்லி. கேசட் சுற்றும் வேகம் நீங்கள் போட்டிருக்கும் கியரைப் பொறுத்தது; புல்லியின் வேகம் செயினின் வேகத்தை மட்டுமே பொறுத்தது. எண்ண முடியாதபடி விடாமல் கரகரவென்று வந்தால் அது சீரமைப்பு விலகல். உங்களுடையது இந்த ரகம்.

பஸ் டிக்கியில் வந்த பைக் என்றதும் எனக்கு முதலில் தோன்றுவது ஹேங்கர். ஃப்ரேமின் பின் வலது மூலையில், டீரெய்லரைத் தாங்கும் சின்ன அலுமினியத் துண்டு அது. ஃப்ரேமும் டீரெய்லரும் அடி வாங்காமல் இருக்க, அடியைத் தான் வாங்கி வளையும்படி மெத்தென்ற அலுமினியத்தில் செய்கிறார்கள். கார்பன் ஃப்ரேமிலும் இந்தத் துண்டு தனியாகக் கழற்றி மாட்டும்படிதான் இருக்கும். பக்கத்தில் ஒரு மூட்டை சாய்ந்தால் போதும், பைக் வலது பக்கமாகக் கீழே சரிந்தால் போதும், ஓரிரு டிகிரி உள்ளே வளைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: மேல் புல்லி ஹேங்கர் போல்ட்டுக்கு ஏறக்குறைய 6 செ.மீ. கீழே இருக்கிறது. ஹேங்கர் 1 டிகிரி சாய்ந்தால் புல்லி 1 மி.மீ. தள்ளிப்போகும். ஷிமானோ 11 ஸ்பீட் கேசட்டில் ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள தூரமே 3.74 மி.மீ.தான், 12 ஸ்பீடில் இன்னும் குறைவு. அந்த இடத்தில் 1 மி.மீ. என்பது பெரிய விலகல்.

வளைந்த ஹேங்கருக்கு ஒரு கையெழுத்து உண்டு. நடு கியரில் சத்தம் போகும்படி அட்ஜஸ்ட் செய்வீர்கள். பெரிய பல்சக்கரங்களில் சத்தம் வரும். அங்கே சரிசெய்வீர்கள்; சிறியவற்றில் ஆரம்பிக்கும். சாய்வினால் வரும் விலகல் எல்லா கியரிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. டீரெய்லர் உள்ளே போகப்போக, புல்லி கீழிறங்க இறங்க, விலகலும் மாறுகிறது. பொத்தானால் புல்லியைச் சிறு சிறு படியாக நகர்த்தும் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் எல்லா கியரையும் ஒரே அளவுதான் நகர்த்தும், அதனால் சாய்வை அதால் ஈடுசெய்யவே முடியாது. இரண்டு மூன்று பேர் மாறி மாறி அட்ஜஸ்ட் செய்தும் தீராத பைக்குகளில் நான் கண்டது பெரும்பாலும் இதைத்தான்.

வீட்டிலேயே ஓரளவுக்குப் பார்க்கலாம். நடு கியரில் போட்டு, பைக்கின் பின்னால் போய் உட்கார்ந்து, கண்ணை ஆக்ஸிலுக்கு நேரே கொண்டுவாருங்கள். மேல் புல்லி, கீழ் புல்லி, பல்சக்கரம் மூன்றும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கீழ் புல்லி சக்கரக் கம்பிகளைப் பார்த்துச் சாய்ந்திருந்தால் ஹேங்கர் உள்ளே வளைந்திருக்கிறது. ஆனால் முடிவு சொல்ல வேண்டியது கண் அல்ல, கேஜ்தான். டீரெய்லரைக் கழற்றி, அந்தத் துளையில் ஹேங்கர் கேஜைத் திருகி, அதன் முனையைச் சக்கரத்தின் ரிம் அருகே கொண்டுவந்து, மேலே, கீழே, முன்னே, பின்னே என நான்கு இடங்களில் இடைவெளியைப் பார்ப்பார்கள். சக்கரத்திலேயே கோணல் இருந்தால் கணக்கு கெடும் என்பதால், ஒவ்வொரு முறையும் சக்கரத்தையும் கூடவே சுற்றி, ரிம்மின் அதே புள்ளியில், காற்றடிக்கும் வால்வுக்குப் பக்கத்தில் அளப்பதுதான் முறை. எதிரெதிர் பக்கங்களுக்கிடையே 4 மி.மீ.க்குள் வித்தியாசம் இருந்தால் பொதுவாக ஏற்கலாம் என்பார்கள். 12 ஸ்பீடுக்கு நான் 2 மி.மீ.க்குள் கொண்டுவரச் சொல்வேன்.

வளைந்த ஹேங்கரை அதே கேஜை நெம்புகோலாக வைத்து நிமிர்த்தலாம். ஓரிரு முறை தாங்கும், அதற்கு மேல் அலுமினியம் களைத்து உடையும். டீரெய்லர் மாட்டியிருக்கும்போதே அதைப் பிடித்து இழுத்து நிமிர்த்துவது மட்டும் கூடாது. சில ஆயிரம் ரூபாய்க்குள் முடியும் வேலையை அது உண்மையிலேயே டீரெய்லர் மாற்றும் வேலையாக ஆக்கிவிடும். உங்கள் ஃப்ரேமுக்கு உரிய ஹேங்கர் எந்த மாடல் என்று பார்த்து, கூடுதலாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரேமுக்கு ஃப்ரேம் இது மாறும். உள்ளூர்க் கடையில் கேட்ட உடனே கிடைக்காது.

அடுத்த முறை பஸ்ஸிலோ ரயிலிலோ விமானத்திலோ அனுப்பும்போது, புறப்படும் முன் பின் கியரை மிகப் பெரிய பல்சக்கரத்துக்கு ஏற்றிவிடுங்கள். டீரெய்லர் சக்கரத்தை ஒட்டி உள்ளே ஒதுங்கி நிற்கும். இன்னும் நல்லது, ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றி டீரெய்லரை ஹேங்கரிலிருந்து எடுத்து, துணி சுற்றி, பின் சக்கரத்துக்குப் போகும் கீழ்க் குழாயான செயின்ஸ்டேயின் உட்பக்கமாகக் கட்டிவிடுவது. திரும்ப மாட்டும்போது அந்தப் போல்ட் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் இறுக்கம்.

ஹேங்கர் நேராக இருந்தால் சக்கரத்துக்கு வாருங்கள். பயணத்துக்காகச் சக்கரத்தைக் கழற்றியிருப்பீர்கள். பைக்கை ஸ்டாண்டில் வைத்தபடி மாட்டினால் ஆக்ஸில் முழுதாக உட்காராமல் போவது உண்டு. தரையில் நிறுத்தி, சீட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலைத் தளர்த்தி மறுபடி இறுக்குங்கள். இதிலேயே தீர்ந்துபோன சத்தங்கள் நிறைய. இரண்டு செட் சக்கரம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம்: சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்புக்கு ஹப் கேசட் உட்காரும் இடம் மி.மீ.யில் சில பங்கு வித்தியாசப்படும். ஒரு செட்டில் அமைதி, இன்னொன்றில் எல்லா கியரிலும் சீரான உரசல் என்றால் அது இதுதான். அங்கே மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் சரியான மருந்து.

கேசட்டைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால், கேசட்டை இறுக்கிப் பிடிக்கும் வளையமான லாக்ரிங் தளர்வு. இறுக்கம் 40 நியூட்டன் மீட்டர் என்று அதன் மேலேயே பொறித்திருக்கும். கைப்பலத்தில் இறுக்கி விட்டுவிட்டால் கொஞ்ச நாளில் தளரும். குறிப்பிட்ட ஒன்றிரண்டு கியரில் மட்டும் சத்தம், மற்றதெல்லாம் அமைதி என்றால், கேசட்டைக் கழற்றிச் சுத்தம் செய்தபோது பல்சக்கரங்களுக்கு இடையே வைக்கும் வளையமான ஸ்பேசர் ஒன்று விட்டுப்போயிருக்கலாம், அல்லது இடம் மாறியிருக்கலாம்.

செயினைப் பற்றி ஒருமுறை அழுத்திச் சொல்லியாக வேண்டும். ஈசிஆர் பக்கம் ஓட்டுபவர்களின் பைக்கில் உப்புக்காற்றும் மணலும் சேர்ந்து செயினை அரைத்துவிடுகின்றன. அதன் மேல் மோட்டார் சைக்கிள் செயின் ஸ்ப்ரேயை அடிப்பது நம் ஊரில் பெரிய பழக்கம். அது பிசுபிசுவென்று ஒட்டி, மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; செயின் கரகரக்கும், கேசட்டும் சேர்ந்து தேயும். சைக்கிளுக்கென்று விற்கும் டிரை லூப் எண்ணெய் ஒவ்வொரு கண்ணியின் உருளையிலும் ஒரு சொட்டு, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் வேலை செய்வது உருளைக்குள். வெளியே நிற்பது மணலுக்கான பசை.

தேய்மானத்தை அளக்க ஸ்டீல் ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவில் தொடங்கி 24 அரைக் கண்ணி எண்ணினால், புதுச் செயினில் சரியாக 304.8 மி.மீ. வரும், அதாவது 12 அங்குலம். 306.3 மி.மீ. தாண்டினால் அரை சதவீதம் நீண்டுவிட்டது; 11, 12 ஸ்பீட் செயினை அங்கேயே மாற்றிவிடுவது நல்லது. புதுச் செயினை ஷிமானோ என்றால் எழுத்து பொறித்த பக்கம் வெளியே தெரியும்படி மாட்டுங்கள். ஸ்ராம் நிறுவனத்தின் ஆக்ஸஸ் எலெக்ட்ரானிக் கியர் உள்ள ரோடு பைக் வைத்திருப்பவர்கள் அதற்குரிய ஃப்ளாட்டாப் செயினைத்தான் போட வேண்டும். அதன் உருளையே அளவில் பெரியது, வேறு செயின் அந்தப் பற்களில் சரியாக உட்காராது.

இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் அட்ஜஸ்ட்மென்ட். பின் பல்சக்கரங்களில் ஏறக்குறைய நடுவில் இருக்கும் ஒன்றில் செயினைப் போடுங்கள். 12 ஸ்பீட் டிஐ2-இல் பின் டீரெய்லரிலேயே ஒரு பொத்தான் இருக்கிறது. சில விநாடி விடாமல் அழுத்திப் பிடித்தால் விளக்கின் நிறம் மாறி அட்ஜஸ்ட்மென்ட் நிலைக்குப் போகும். பழைய 11 ஸ்பீடில் அந்தப் பொத்தான் ஹேண்டில்பாரிலோ ஸ்டெம்முக்குக் கீழேயோ உள்ள ஜங்ஷன் பெட்டியில் இருக்கும், சிவப்பு விளக்கு எரியும். போனில் ஷிமானோவின் ஈ-டியூப் செயலியிலும் இதைச் செய்யலாம். இப்போது வலது லிவரின் பொத்தான்கள் கியரை மாற்றாது. பெரிய பல்சக்கரத்துக்கு ஏற்றும் பொத்தான் புல்லியை ஒரு சிறு படி உள்ளே தள்ளும், மற்றது வெளியே.

அழுத்தும்போது கவனியுங்கள். புல்லி தேவைக்கு மேல் நன்றாக நகர்ந்து, பிறகு கொஞ்சம் திரும்பி வந்து நிற்கும். எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணுக்குத் தெரிவதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். கடைசியாக நிற்கும் இடம்தான் கணக்கு. பெடலைச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு படியாக உள்ளே தள்ளிப் போங்கள். ஒரு கட்டத்தில் செயின் அடுத்த பெரிய பல்சக்கரத்தை லேசாகத் தொட்டு 'சர்ர்' என்று சன்னமாக உரசும். அந்த இடத்தைப் பிடித்ததும் நிறுத்தி, அங்கிருந்து நான்கைந்து படி வெளியே வாருங்கள். உரசலில் தொடங்கி எண்ணுவதால், கண்ணால் பார்த்து மையப்படுத்துவதைவிட இது துல்லியமானது. அட்ஜஸ்ட்மென்ட் நிலையிலிருந்து வெளியே வந்து எல்லா கியரையும் ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஸ்ராம் ஆக்ஸஸில் லிவரின் உட்பக்கம் இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி வலது லிவரின் கியர் மாற்றும் துடுப்பைத் தட்டினால் புல்லி வெளியே, இடது லிவரின் துடுப்பைத் தட்டினால் உள்ளே.

லிமிட் ஸ்க்ரூ என்று சொல்லும் இரண்டு சின்ன ஸ்க்ரூக்களை மட்டும் சத்தத்துக்காகத் தொடாதீர்கள். செயின் கேசட்டைத் தாண்டி விழாமல் தடுக்கும் சுவர்கள் அவை, கியரைச் சீர்செய்வதற்கானவை அல்ல. உள்பக்க ஸ்க்ரூவை அளவுக்கு மேல் இறுக்கினால் மோட்டார் ஒவ்வொரு முறையும் சுவரில் மோதித் திணறும். ஏதோ கோளாறு என்று தானே முடிவுசெய்து சரியாக மாற்றாது, பேட்டரியும் சீக்கிரம் தீரும். வெளிப்பக்க ஸ்க்ரூவை, தொட்ட இடத்திலிருந்து ஒரு சுற்று பின்னால் விடச் சொல்கிறது ஷிமானோ. மோட்டார் சிறிய பல்சக்கரத்துக்கு இறங்கும்போது கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்பும், அதற்கு இடம் வேண்டும். ஏற்கெனவே யாராவது இவற்றைத் திருகியிருந்தால் அட்ஜஸ்ட்மென்ட் முடிந்த பிறகு திரும்ப வைக்க வேண்டியிருக்கும்.

மேல் புல்லி பல்சக்கரத்துக்கு மிக அருகில் இருந்தாலும் கடமுடா சத்தம் வரும், குறிப்பாக மிகப் பெரிய பல்சக்கரத்தில். மேடு ஏறும்போது மட்டும் கேட்கிறது என்பவர்கள் இதைச் சந்தேகிக்கலாம். பி ஸ்க்ரூவைத் திருகினால் இடைவெளி கூடும். ரோடு பைக்கில் பொதுவாக 5, 6 மி.மீ.; சரியான அளவு உங்கள் மாடலின் கையேட்டில் இருக்கும்.

முன்பக்கத்தில் உரசினால் பெரும்பாலும் டீரெய்லரைப் பொருத்திய விதம்தான் காரணம். கூண்டின் வெளித்தகடு பெரிய வளையத்தின் பற்களுக்கு மேலே 1 முதல் 3 மி.மீ. இடைவெளியில், வளையத்துக்கு இணையாக நிற்க வேண்டும். டிஐ2-இல் ஃப்ரேமை முட்டிக்கொண்டு நிற்கும் சப்போர்ட் போல்ட் ஒன்று இருக்கிறது. மோட்டார் தள்ளும் வேகத்தில் பிடிமானம் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க அது வேண்டும். அதைச் சரியாக முட்டவைக்காத பைக்குகளில் முன் கியர் ஏறும்போது பெரிய சத்தம் வரும். முன்னே சிறிய வளையம், பின்னேயும் மிகச் சிறிய பல்சக்கரம் என்று போட்டால், செயின் பெரிய வளையத்தின் உட்பக்கத்தை உரசுவது எந்தச் சீரமைப்பாலும் தீராது. அந்தச் சேர்க்கையைத் தவிர்க்க வேண்டியதுதான்.

ஓட்டும் விதத்தையும் சொல்லாமல் விட முடியாது. கேபிள் கியரில் மேட்டில் முழு பலத்தில் மிதித்துக்கொண்டே மாற்றினால் லிவர் கையில் கனக்கும், கை தானாகக் காலுக்குச் சொல்லிவிடும். பொத்தானில் அந்தக் கனம் கிடையாது. எவ்வளவு மிதித்தாலும் மோட்டார் தள்ளிவிடும், செயின் 'டங்'கென்று அடித்து ஏறும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றிலும் அப்படி மாற்றினால் கேசட் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மாற்றும் அந்த அரைச் சுற்றுக்கு மட்டும் மிதியைத் தளர்த்தினால் போதும். பொத்தானை அழுத்திப் பிடித்துப் பல கியர்களை ஒரேயடியாக மாற்றுபவர்கள், ஈ-டியூப் செயலியில் அந்த வேகத்தை ஒரு படி குறைத்து வையுங்கள். மெதுவாக மிதிக்கும்போது அதிவேக மாற்றம் செயினைத் தடுமாற வைக்கும்.

பேட்டரி குறைந்தால் சத்தம் வராது. டிஐ2-இல் முதலில் முன் டீரெய்லர் நிற்கும், பிறகுதான் பின்னது. பலமான அடி பட்டால் ஷிமானோவின் பின் டீரெய்லர் மோட்டாரைக் காப்பாற்றிக்கொள்ள இணைப்பைத் தானே விடுவித்துக்கொள்ளும், கியர் மாறாது. பொத்தானை நீளமாக அழுத்திப் பிடித்து, பெடலைச் சுற்றினால் மறுபடி சேர்ந்துகொள்ளும். விழுந்த பைக்கில் இதைப் பார்த்துவிட்டு மோட்டார் எரிந்துவிட்டது என்று முடிவுகட்டுவதும் நடக்கிறது. அப்படிச் சேர்ந்த பிறகும் வளைந்த ஹேங்கர் வளைந்தபடியே இருக்கும், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

டீரெய்லரை உண்மையிலேயே மாற்ற வேண்டிய நிலை எது என்றால்: கூண்டைப் பிடித்து ஆட்டும்போது இணைப்புப் பின்களில் கடகடவென்று ஆட்டம் இருப்பது, கூண்டே முறுக்கிக்கொண்டிருப்பது, மேலே சொன்னபடி பொத்தானை அழுத்தி ரீசெட் செய்தும் மோட்டார் அசையாமல் இருப்பது. மேல் புல்லி மட்டும் பக்கவாட்டில் கொஞ்சம் ஆடினால் அதைத் தேய்மானம் என்று எண்ண வேண்டாம், அந்த ஆட்டம் வேண்டுமென்றே வைப்பது. புல்லிகளின் பற்கள் கூர்மையாகத் தேய்ந்திருந்தால் புல்லிகளை மட்டும் மாற்றலாம்.

உங்கள் பைக்கை மறுபடி கடைக்குக் கொண்டுபோனால், "ஹேங்கரை கேஜ் வைத்து அளந்து, எத்தனை மி.மீ. விலகல் என்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். கேஜ் இல்லை என்று சொன்னால், கேஜ் இருக்கும் வேறு கடைக்குப் போங்கள். உங்களுடையது 12 ஸ்பீட் என்பதால், அளந்த எண் 2-ஐத் தாண்டினால் அதை நிமிர்த்தவோ மாற்றவோ சொல்லிவிட்டு, மேலே சொன்னபடி நடு கியரில் அட்ஜஸ்ட் செய்து ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் உரசினால், எந்த எந்தக் கியரில், பெடல் எத்தனை சுற்றுக்கு ஒருமுறை என்று எண்ணி எழுதுங்கள், அடுத்து எதைக் கழற்றுவது என்று சொல்கிறேன்.